பதினேழாவது ஸ்க்ரூ

— பழசு கனக்குதுண்ணே. புதுசு கனக்கல. அது எப்படி?

— பழசு அந்தக் காலத்துச் சரக்கு தலைவரே. இப்ப எல்லாமே எடை கொறைச்சுத்தான் வருது. செல்போனப் பாக்கலையா? செங்கல்லு மாதிரி இருந்துச்சு, இப்ப சட்டைப் பையில கெடக்கு.

— செல்போனு பேசுறதுக்கு. இது ஓட்டை போடுறதுக்கு. ரெண்டுலயும் பன்னெண்டு வோல்ட்டுன்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே டிரில்லு மிசினுக்கு அடியில மாட்டுற பேட்டரி. ஒண்ணு கையில வச்சா கல்லு, இன்னொண்ணு பொரி உருண்டை.

— ஹம்சா, தராசு இருந்தா இவருக்குக் குடு. கறிக்கடைன்னு நெனைச்சு வந்துட்டாரு போல.

— ஏங்க, அவரு கேக்குறதுல என்ன தப்பு? நீங்க கேளுங்க தம்பி. எந்தப் பக்கம்?

— ஆனையூரு பக்கம்க்கா. பேரு முத்துக்கருப்பன். கூரை வேலை. கப்பலூர்ல ஒரு கம்பெனிக்குப் புதுசா செட்டு போடுறாக, தகரம் மாட்டணும். மேல கரண்டு கெடையாது. வயரு இழுக்கவும் விட மாட்டாக. பேட்டரி மிசினு வச்சிருக்கவனத்தான் ஏத்துறாக.

— அதான் மிசினு வச்சிருக்கீங்களே.

— மிசினு இருக்கு, பேட்டரி செத்துப்போச்சேண்ணே. திங்கக்கெழம காலையில ஓடுற மிசினோட வரலைன்னா வேற ஆளப் போட்டுக்கிருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இன்னிக்குச் சனி.

— கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேக்க வேண்டியதுதானே?

— கேட்டேன். இந்த மாடலையே ரெண்டாயிரமாவது வருசத்துல நிறுத்திட்டாகளாம். ஆறு வருசமாச்சு, இனி பேட்டரி வராது, புது மிசினு வாங்கிக்கங்கறாக.

— வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. காளவாசல்ல எங்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?

— சின்னான் சொன்னான்.

— எந்தச் சின்னான்?

— பிளம்பரு.

— எனக்கு மூணு சின்னான் தெரியும் தலைவரே. ஒருத்தன் ஆட்டோ ஓட்டுறான். ஒருத்தன் துபாய் போயிட்டான். இன்னொருத்தன் எங்கிட்ட ஒரு பொருளும் வாங்குனதில்லை. உங்க சின்னான் எவன்?

— வாங்காதவனா இருக்கும்ணே.

— வாங்காதவன் எப்படிக் கடையச் சொல்லுவான்?

— அதத்தேன் நானும் யோசிக்கிறேன். அக்கா, இப்ப உங்க சௌராஷ்டிர பாஷையில அண்ணன்கிட்ட என்னமோ சொன்னீகளே?

— தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு தலைவரே.

— அம்புட்டு நீளமாவா?

— எங்க பாஷையில தண்ணி கொஞ்சம் நீளம்.

— சரிண்ணே. குடிச்சுட்டேன்னு சொல்லிருங்க. இந்த ஸ்டிக்கர்ல ஏன் பசை வாசம் அடிக்குது? காலையில ஒட்டுன மாதிரி.

— ஸ்டிக்கர்னா பசை இருக்கும். மல்லியப்பூவா மணக்கும்?

— அடியில இருக்க திருகு மண்டையிலயும் கீறல் இருக்கு. தொறந்து மூடியிருக்காக.

— கையக் காட்டுங்க தலைவரே.

— எதுக்கு? ஜோசியமா?

— கூரைக்காரன் கையில தகரம் கிழிச்ச தழும்பு இருக்கும். உங்களுக்குப் பெருசா ஒண்ணையும் காணோமே.

— கையுறை போட்டுக்கிருவேன்.

— கையுறை போட்டுக்கிட்டு ஸ்க்ரூவ எப்படி எடுப்பீங்க?

— எடுப்பேன். இருங்கண்ணே, போன் வருது... ஆமா சார்... கடையிலதான் சார்... இன்னும் இல்ல சார். வச்சுர்றேன் சார்.

— யாரு?

— சூப்பர்வைசர். பேட்டரி கெடச்சுச்சான்னு கேக்குறாரு.

— நல்ல சூப்பர்வைசர். எனக்கெல்லாம் பெத்த மகனே இம்புட்டு அக்கறையா போன் பண்ண மாட்டான். தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே. போன வாரம் சிம்மக்கல்ல ஒரு கடைக்குச் சீல் வச்சுட்டாங்க. உங்களை மாதிரிதான் ஒருத்தரு வந்தாராம். பையில பழைய பேட்டரி, வாய் நெறைய கேள்வி. புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. பத்து நிமிசத்துல போலீசு.

— என்னைப் பாத்தா போலீசு மாதிரியாண்ணே இருக்கு?

— அவரும் அப்படி இல்லை. பெயிண்டர் மாதிரி இருந்தாராம்.

— சீலு எதுக்கு வச்சாக? பேட்டரி மட்டமா?

— பேட்டரிய எவன் பாக்குறான்? மேல ஒட்டுன கம்பெனி பேருக்கு. கடைக்காரன் புள்ளைங்க பள்ளிக்கூட யூனிபார்மோட ஸ்டேசன் வாசல்ல நிக்கிதுக.

— இதுலயும் கம்பெனி பேருதான்ணே இருக்கு. கம்பெனியே நிறுத்துனதுக்கு அப்புறம் இது எங்கருந்து வருது?

— நீங்க வாங்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?

— விசாரிக்காம வாங்கி ஏமாந்தவண்ணே நான். ஸ்டேசன் பக்கம் பிளாட்பாரத்துல ஒண்ணு வாங்குனேன். ரெண்டாம் நாளு முப்பதடி ஒசரத்துல நிக்கிறேன், மிசினு மொனங்கிட்டு நின்னுபோச்சு. கீழ எறங்கி, இன்னொருத்தன் மிசின இரவல் கேட்டு, மறுபடி ஏறி... அன்னிக்குத்தேன் சூப்பர்வைசர் என்னைய மனசுல குறிச்சு வச்சாரு. அதுனால இனி ஓட்டிப் பாத்துத்தான் வாங்குவேன். பலகை கொண்டாந்திருக்கேன். ஸ்க்ரூவும் இருக்கு.

— பலகையா?

— வேங்கை. ஒரு சாணு. வேங்கை ஏமாத்தாது.

— ஹம்சா, இங்க பாரு, பேட்டரி வாங்க மரத்தோட வந்திருக்காரு.

— ஓட்டிப் பாக்கட்டுமே. ராத்திரி சார்ஜ் போட்டதுதானே அது? தம்பி, அந்த ஸ்டூல் மேல வச்சு அடிங்க. ஐயய்யோ, ஸ்க்ரூவ ஏன் வாயில அள்ளிப் போடுறீங்க?

— ம்ம்.

— முழுங்கித் தொலைக்கப் போறீங்க. டப்பாவுல கெடக்கட்டும்.

— ம்... மேல டப்பாவ எங்கக்கா வைக்கிறது? ஒரு கை தகரத்தப் பிடிக்கணும், ஒரு கை மிசினப் பிடிக்கணும். மிச்சம் வாயிதேன். நாக்காலயே ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிருவோம். நீங்க எண்ணுங்க.

— ஒண்ணு. ரெண்டு. ஏங்க, இவரு போடுற வேகத்தப் பாருங்களேன். ஏழு. எட்டு. பன்னெண்டு...

— ம்ம்.

— பதினஞ்சு. பதினாறு. பதினே... இழுக்குதே.

— நின்னே போச்சுக்கா. பாருங்கண்ணே, பாதி ஸ்க்ரூ வெளிய நிக்குது. பதினேழாவதுலயே மூச்சு வாங்குது. என் பழசு நல்லா இருந்தப்ப எம்பது போடும்.

— புதுசு அப்படித்தான் தலைவரே. மூணு நாலு தடவை சார்ஜ் ஏத்தி எறக்குனாத்தான் பழகும்.

— வேலையில சேந்த அன்னிக்கே லீவு கேக்குறவன் எங்கிட்டுப் பழகுவான்? என்னக்கா, மறுபடியும் தண்ணியா?

— அது வீட்டு விசயம் தலைவரே. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பேட்டரியக் கீழ வைங்க. அது உங்களுக்கு வேணாம்.

— ஏண்ணே?

— அது வீட்டுல சாமி படம் மாட்டுறவங்களுக்கு. உள்ள இருக்கிறது மட்டமான செல்லு, எமர்ஜென்சி லைட்டுக்குப் போடுறது. வருசத்துக்கு நாலு ஓட்டை போடுறவனுக்கு அது போதும்.

— இம்புட்டு நேரமும் எடை கொறைச்சுத்தான் வருதுன்னீங்க.

— இம்புட்டு நேரமும் நீங்க கூரைக்காரர்னு நான் நம்பலை. கிழிஞ்ச சட்டை போட்டா எவன் வேணா கூரை வேலைன்னு சொல்லலாம். வாய் நெறைய ஸ்க்ரூவ வச்சுக்கிட்டு வேலை பாக்க ஒரே நாள்ல எவனுக்கும் வராது.

— தம்பி, உங்க பழைய பேட்டரிய எங்கிட்டக் குடுங்க. அதே கூட்டுக்குள்ள நல்ல செல்லாப் பத்து போட்டு, ஈயம் வச்சுப் பத்தவச்சுத் தருவாரு. கையில தூக்கிப் பாருங்க, முன்ன இருந்ததை விடக் கனக்கும்.

— ஒரு மணி நேரம் போதும் தலைவரே. உள்ள மொத செல்லு மேல தேதி போட்டு என் பேரை எழுதி வைப்பேன். சாய்பிரசாத்துன்னு. ஒரு வருசத்துக்குள்ள செத்தா, தொறந்து பாத்து வேற போட்டுத் தருவேன்.

— உள்ள எழுதுனா யாருக்குண்ணே தெரியும்?

— வெளிய எழுதுனா யாரு வாங்குவா? சாய்பிரசாத் பேட்டரின்னு போட்டு ஒரு வருசம் ஷோகேஸ்ல வச்சேன். எல்லாம் நல்ல செல்லு. ஒருத்தன் தொடலை. மட்டமானதப் போட்டு மேல கம்பெனி பேர ஒட்டுனேன், வாரத்துக்கு அஞ்சு போகுது.

— நான் அன்னிக்கே வேணாம்னேன் தம்பி. இந்த மனுசன் கேட்டாத்தானே.

— இல்லண்ணே. எனக்கு ஷோகேஸ்ல இருக்கிறதே போதும். இந்த ஸ்டிக்கர் போட்டதே குடுங்க. கடை பேரோட பில்லும் வேணும்.

— என்னது?

— அதே இருக்கட்டும்.

— பதினேழாவது ஸ்க்ரூவுல படுத்துக்கிச்சுன்னு இப்பத்தானே குதிச்சீங்க?

— பழகிக்கிறேண்ணே.

— பழக வேண்டியது பேட்டரி, நீங்க இல்லை!

— தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. அது மொனங்குற நேரத்துல மிசின் மேல சாயத்தான் தோணும். எல்லாரும் சாய்வாங்க. மிசின் முனையில இருக்க பிட்டு வழுக்குச்சுன்னா கீழ போறது மிசின் மட்டும் இல்லை. வீட்டுல யாரு இருக்கா?

— பொண்டாட்டி அன்னக்கொடி. ரெண்டு பொட்டப்புள்ளைக.

— அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?

— ஹம்சா, நீ சும்மா இரு. எனக்குத் திரும்பவும் ஒதைக்குது. ஓடாத பேட்டரின்னு தெரிஞ்சும் அதே வேணுங்கிறான், பில்லு வேணுங்கிறான். தலைவரே, நீங்க கெளம்புங்க. எங்கிட்டப் பேட்டரியே இல்லை. உங்க மரத்தையும் எடுத்துக்கங்க. ஹம்சா, நீ என்ன குறுக்க முணுமுணுக்குற?

— கத்தாதீங்க, புள்ளை மொகம் வாடிப்போச்சு, ஏதோ கஷ்டத்துல நிக்கிறான்னு அக்கா சொல்லுறாகண்ணே.

— உங்களுக்கு... எங்க பாஷை தெரியுமா?

— முனிச்சாலையில சுங்குடிப் பட்டறையில ஏழு வருசம் சாயம் முக்குனேன். மொதலாளி உங்க ஆளு. என்னைய வையிறது பூராம் உங்க பாஷையிலதேன். பேச வராதுண்ணே. வசவு நல்லா வெளங்கும், மத்ததுல முக்காவாசி.

— தம்பி, அப்ப மொதல்ல நான் சொன்னது?

— இவன் முழியே சரியில்லை, கம்பெனி அனுப்புன ஆளு, சரக்கு இல்லைன்னு சொல்லித் தொரத்துங்கன்னீக.

— அதக் கேட்டுக்கிட்டேவா நின்னீங்க?

— வஞ்சு முடிக்கிற வரைக்கும் நிக்கிறது பழகிப்போச்சுக்கா.

— ரெண்டாவது சொன்னது?

— இவன் நெசமாவே ஒசரத்துல நிக்கிறவன், அதக் குடுத்தா விழுந்துருவான், குடுக்காதீங்கன்னீக. என்னைய ஏமாத்தத்தேன் ஏதோ திட்டம் போடுறாகன்னு காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஏழு வருசம் அந்தப் பாஷையக் கேட்டிருக்கேங்க்கா. எனக்காக ஒருத்தரும் அதுல பேசுனதில்லை.

— வெளங்கிக்கிட்டும் ஏன் தம்பி அந்த இழுக்குற சனியனையே கேக்குறீங்க?

— ஸ்டிக்கரோட, உங்க கடை பில்லோட அதக் கொண்டாந்து குடுத்தா, புது மிசினு தாரேன்னாக. ரெண்டு பேட்டரியோட. திங்கக்கெழமைக்கு எனக்கு அது போதும்.

— யாரு தாரேன்னது?

— சிக்னலுக்கு அங்கிட்டு ஓம்னி வேன்ல மிசினு கம்பெனி ஆளுக நாலு பேரு எனக்காகக் காத்துக்கெடக்காகண்ணே, நீங்க ஷோகேஸக் காலி பண்ணிட்டு என் பழசத் தொறங்க. அந்தக் கடையில அப்படி ஒரு பேட்டரியே இல்லைன்னு சொல்லிட்டு வாரேன்.