அரைக்கும் ஜாடியைத் திறந்தவள் நான்

பேட்டரி ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் நான், வயது ஐம்பத்து நான்கு, ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்து, கூடத்தின் பின்வாசல் தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்பது வருடமாகக் கூட்டித் துடைத்து, சாமான் கழுவும் வேலை செய்கிறேன். என் தங்கை மகளும் அங்கேதான் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். வெள்ளிக்கிழமை தீப்பிடித்தது பற்றி, யாரும் கூப்பிடாமல் நானாக விசாரணை அதிகாரியிடம் வந்து சொல்வதாவது:

பேட்டரிக்குள் வைக்கும் தகட்டில் பூசுவதற்காக, சிலிக்கானையும் கரியையும் எஃகுக் குண்டுகளோடு ஜாடியில் போட்டு, முகப்பவுடரைவிட நைசாக அவள் எந்திரத்தில் அரைப்பாள். அதன் பிறகு ஜாடியைக் கையுறை பதித்த கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய்த் திறந்து, பொடியை எடுத்துக்கொண்டு, காலி ஜாடியை மூடி போட்டுக் கழுவுதொட்டி ஓரம் வைப்பாள். நான் கழுவுவேன். காற்றுப் பட்டால் பொடி பற்றிக்கொள்ளும், அதற்காகத்தான் அந்தப் பெட்டி என்று அப்போது எனக்குத் தெரியாது. தூசிக்காக என்று நினைத்திருந்தேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அவள் மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். "ஊரு பேட்டரிக்கெல்லாம் சார்ஜ் ஏத்துற, உனக்கு யாருடி ஏத்துறது?" என்று கேட்டேன். "இந்தப் பொடி நல்லா வந்துட்டா பட்டம் கைக்கு வந்துரும் பெரியம்மா, அப்புறம் மாசம் பூரா தூங்குறேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அதன் பிறகு எந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஜாடி இருப்பதைப் பார்த்தேன். காலி ஜாடியைத் தொட்டியோரம் வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பிள்ளைக்கு ஒரு வேலை குறையட்டும் என்று எண்ணி, கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே திருகுகளைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பொடி இருந்தது. புஸ்ஸென்று பொறி கிளம்பி, பொடி கங்காகச் சிவந்தது. பயத்தில் கீழே போட்டுவிட்டேன். அதன் பிறகு பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிகளில் தீ பிடித்தது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கவும் அவள் ஓடிவந்து, "ஐயோ ஊத்தாதீங்க, வெளிய போங்க!" என்று என்னைத் தள்ளிவிட்டு, மணலைக் கொட்டி அணைத்தாள். அவள் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வண்டியில், "திறந்தது நான்னு சொல்லிக்கிறேன். உங்க வேலை போயிரும். நீங்க வாயத் திறக்காதீங்க" என்றாள். விசாரித்தவர்களிடம் அப்படியே சொல்லியும்விட்டாள். அதனால், விதியை மீறியதாக அவளைப் படிப்பிலிருந்து நீக்கப்போகிறார்கள் என்று நேற்று அவளுடைய பேராசிரியர் சொன்னார். ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத நான் ஐந்து நாள் வாய் மூடி இருந்தேன். இன்று காலை சாமி கும்பிட உட்கார்ந்தேன். வேண்டுதல் வரவில்லை, இதுதான் வந்தது.

விதி தெரிந்த பெண் அந்த ஜாடியை வெளியே திறக்கவே மாட்டாள். தெரியாத நான்தான் திறந்தேன். என் வேலை போனால் போகட்டும். நான் வந்து சொன்னதை அவளுக்குத் தீப்புண்ணால் வந்த காய்ச்சல் விட்ட பிறகு தெரிவிக்கவும். இப்போதே தெரிந்தால், நான் சொல்வது பொய் என்று சொல்ல, கட்டுப் போட்ட கையோடு இங்கே வந்து நிற்பாள்.

எழுதியதை அதிகாரி வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)