ஆகாதது என்று கொட்டப்பட்ட பால்

இறந்துபோன என் மகள் தன் குழந்தைக்கென்று எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலை, அவளுடைய நாத்தனார் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டாள். காவல் நிலையத்துக்கு என்னை அழைத்து வந்தது சமையலறையைப் பூட்டியதற்காக. ஆனாலும் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நான் சொன்னதால், எழுத்தர் இதை முதலில் எழுதினார்.

எனக்கு வயது எழுபத்தொன்று. பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு என்பது பயணிகள் விட்டுப்போன செய்தித்தாள்களில் நானாகப் படித்ததுதான். மனைவி இல்லை. மருமகன் வீட்டில், மூன்றாம் மாடியில், பேத்தியைப் பார்த்துக்கொண்டு இருந்து வருகிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு என் மகள் இதய நோயால் மருத்துவமனையில் இருந்தாள். அந்த வார்டுக்குள் குழந்தையை விடவில்லை. ஆகவே மருத்துவர் அனுமதித்தபடி அவள் பாலை எடுத்துச் சிறு பைகளில் அடைத்துக் கொடுப்பாள், நான் அதை ஐஸ் டப்பாவில் வைத்து, பேருந்தில் மடியைவிட்டு இறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வருவேன். அவள் போனபின் குழந்தைக்கு மாவுப்பால் பழக்கினோம். உறைந்த பால் ஆறு மாதம் வரை கெடாது என்று தாதி சொன்னபடியால், மீதிப் பைகளை ஃப்ரீசரில் வைத்திருந்து, காய்ச்சலில் குழந்தை எதையும் குடிக்காமல் முரண்டு பிடிக்கும் நாளில் மட்டும் ஒன்றை இளக்கிக் கொடுப்பேன். அதை மட்டும் குடித்துவிடும்.

சென்ற ஞாயிறு காலை மருமகனின் அக்கா வந்தாள். வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும் ஏதோ காணொளியைக் கைபேசியில் ஓடவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரைக் காலி செய்யத் தொடங்கினாள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே கிடந்த ஒரு மீன் எந்த ஆட்சியில் பிடிபட்டது என்று எவருக்கும் தெரியாது. அதன்பின், உள் அறையில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த என்னை, சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"மாமா, பாப்பாவுக்கு ஆகாததெல்லாம் தூக்கிப் போட்டுடவா?"

அன்று காலைதான் குழந்தைக்குச் சிறுத்துப்போன சட்டைகளை மூட்டை கட்டிக் கூடத்தில் வைத்திருந்தேன். அதைக் கேட்கிறாள் என்று எண்ணி, "ஆகாததை வச்சு என்ன பண்றது, போட்டுடும்மா" என்றேன்.

அதன்பின் தண்ணீர் குடிக்கப் போனபோது தொட்டியில் வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. பைகளை வெந்நீரில் இளக்கி, வெட்டிக் கொட்டி, கழுவி அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு பையிலும் என் மகளின் கையெழுத்தில் தேதி இருந்தது.

"நீங்கதானே போடச் சொன்னீங்க? செத்தவங்க பாலை யாராச்சும் பிள்ளைக்குக் குடுப்பாங்களா?" என்றாள்.

"செத்த பிறகா எடுத்தா?" என்று கேட்டேன்.

அதன்பின் மருமகன் வந்து, "விடுங்க மாமா. உங்களுக்கும் அக்காவுக்கும் ஆகாது, அதான் பெருசு பண்றீங்க" என்றான். ஆகாதவள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். இங்கே கையும் பட்டது, குற்றமும் நடந்தது.

ஃப்ரீசரின் பின்சுவரில், பனிக்குள் புதைந்து ஒரு பை மிஞ்சியிருந்தது. பனியைச் சுரண்ட அவள் கத்தியை எடுத்தாள். கத்தியைப் பிடுங்கினேன். ப்ளக்கை மாட்டினேன். குழந்தையின் மாவுப்பால் டப்பாவையும் கெட்டிலையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அவர்களையும் வெளியேற்றி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அடித்ததாக அவள் கொடுத்த புகாரில் உள்ளது பொய். திட்டியது உண்மை. சாவியைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்கிறாள். கேட்க மாட்டேன்.

இனி நடக்க வேண்டியது இது. கதவை நான் திறப்பேன். ப்ளக்கை எவரும் தொடக்கூடாது. அந்தப் பையை, கத்தியில்லாமல், வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி மருமகன் தன் கையால் எடுக்க வேண்டும். அது அவன் மனைவியுடையது. குடிக்கத் தக்கதா என்று தாதியிடம் காட்டிக் கேட்க வேண்டியவனும் அவனே. தக்கது என்றால், அதை இளக்கிப் புகட்ட வேண்டியவள் அவன் அக்கா. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை அவள் பார்க்க வேண்டும். ஆகுமா ஆகாதா என்று குழந்தை சொல்லட்டும். அதன்பின் சாவியை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தர் இதை எனக்குப் படித்துக் காட்டினார். "தெரியாமல் கொட்டிவிட்டாள்" என்று மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)