ஷேக்கு திரும்பி வந்த பாதை

இல்லப்பா அருள்ராஜ், இது சைட்டுக்குப் போற ரோடு இல்ல. இன்னைக்கு லீவுதான, இரு. அந்த மலைல வெள்ளையா கோடு ஏறுது பாரு, அதக் காட்டத்தான் கூட்டியாந்தேன். ஆடு போற பாதை. அந்தக் காலத்துல ஒரு ஷேக்கு அதுல நடந்துதான் ஊருக்குத் திரும்பி வந்தாராம். நம்ம பலூச்சி டிரைவர் நூஹு சொன்னான், நெசமோ பொய்யோ.

கூட இருந்த எவனோ காட்டிக்குடுத்து, சொந்தத் தம்பியே அவரத் தொரத்திட்டான். கடல் பக்கம் ஃபுல்லா காவல் போட்டிருந்தானுங்க, இவரு மலையேறி வந்துட்டாரு. வந்தவரு கத்தல, யாரையும் வெட்டல. எல்லாரையும் உக்கார வச்சு காவா ஊத்தச் சொன்னாரு. உனக்கே தெரியும்ல, இவனுங்க காப்பி போதும்னா கப்ப லேசா ஆட்டிக் குடுக்கணும். ஆட்டலன்னா ஊத்திட்டே இருப்பான். எல்லாரும் குடிச்சாங்க, ஆட்டுனாங்க. ஒருத்தன் மட்டும் ஊத்த ஊத்தக் குடிச்சிட்டே இருந்தான். வேணாம்னா ஷேக்கு கோச்சுக்குவாரோன்னு பயம். காட்டிக்குடுத்தவன் இவன்தான்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

அவன என்ன செஞ்சாரா? சொல்றேன், இரு. ஏன் வேர்க்குது உனக்கு, ஏசி ஓடுதே.

நானும் திரும்பி வந்தவன்தான். மத்தியான வெயில்ல தண்ணி டேங்கப் பூட்டி வச்சேன்னு எவனோ ஆபீஸ்ல போட்டுக்குடுத்தான். போர்மேன்னா பூட்டத்தான் செய்வான், இல்லன்னா டேங்கச் சுத்தியே நிப்பீங்க. விசா கேன்சல். ஊர்ல மச்சான் கடைல மூட்ட தூக்குனேன்டா நானு. கஸ்டமர் முன்னாடி என்னப் பேர் சொல்லிக் கூப்புடுவான். இப்ப சப்கான்ட்ராக்ட்காரன் விசாவுல வந்து, பாரு, அதே கேம்ப்பு, அதே கட்டிலு.

நேத்து ரூம்ல எல்லாருக்கும் நானே டீ ஊத்துனேன்ல. பன்னீர்செல்வம் ரெண்டாவது கிளாஸ்லயே போதும்ணேன்னு கவுத்துட்டான். மத்தவனுங்களும் அப்படித்தான். நீ மட்டும் ஊத்த ஊத்தக் குடிச்ச. உனக்கு டீயே பிடிக்காதாமே, அப்புறந்தான் சொன்னானுங்க.

நீ இல்லையா? சும்மா பயத்துல குடிச்சியா? அவனும் அதத்தான் சொன்னானாம்.

அழாத. நான் அடிக்க மாட்டேன். ஷேக்கும் அவனத் தொடல. தான் வந்த பாதையக் காட்டி, நடடான்னு சொன்னாரு, கலாஸ், அவ்ளோதான். யல்லா, எறங்கு. மலைக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்குன்னு நூஹு சொல்றான், அவன் போனதில்ல. உன் செல்போன சீட்டுல வச்சிரு.

அந்தத் தண்ணி பாட்டிலையும் வச்சிரு.