இரண்டு தட்டு

இடது தோள் இன்னும் வலிக்கிறது, சிஸ்டர். அண்ணனைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்த தோள். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார், ஆனாலும் கனத்தார். ஆவி மருந்து மெஷினைத் திரும்ப எடுத்துப்போக வந்த இடத்தில் கேட்டீர்கள், "இவ்வளவு கஷ்டப்பட்டாரா? எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று. உட்காருங்கள், சொல்கிறேன்.

கல்லறுக்கும் பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்பலகையைத் தூக்கும் ஆட்கள். முன்முனையில் அண்ணன், பின்முனையில் நான். ரம்பம் ஓடினால் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஒரு வழக்கம். முடியவில்லை என்றால் கட்டை விரலால் கல்லில் இரண்டு தட்டு. அது கல் வழியாகவே அடுத்தவன் கைக்கு வந்துவிடும். வந்தால் இறக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் ஒருத்தன் கால் போகும்.

நான் ஒருமுறை தட்டியிருக்கிறேன். கல்லை இறக்க வாகில்லாத இடம். அண்ணன் அப்படியே இறக்கினார். பலகையின் விளிம்பு அவர் கால் பெருவிரலை நசுக்கியது. மேஸ்திரி ஓடி வந்து கத்தினபோது, "கை வழுக்கிருச்சு" என்று தன்மேல் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கல்தூள்தான் பிறகு அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

நீங்கள் வரும் நாளில் அவரை நடக்க விடமாட்டேன். முன்னாலேயே சன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, ஆவி மருந்து கொடுத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருப்பேன். சட்டை தொளதொளவென்று தெரியாமலிருக்க உள்ளே இரண்டு பனியன். நீங்கள் பார்த்ததெல்லாம் நான் செய்து வைத்த ஆளைத்தான்.

"படுத்துத் தூங்குறாரா?"

"நல்லாத் தூங்குறாருங்க." மேசைமேல் தலையைக் கவிழ்த்து, உட்கார்ந்தபடிதான் தூங்கினார்.

"சாப்பாடு?"

"அதெல்லாம் குறையே இல்லீங்க." மெல்லவும் மூச்சு விடவும் சேர்த்து அவரிடம் தெம்பில்லை. அரைக் கிண்ணத்தோடு போதுமென்று கையைத் தூக்கிவிடுவார்.

அண்ணன் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். "இவன்... என் வக்கீலு... சிஸ்டர். கேஸு... தோக்கப்போகுது." நீங்களும் சிரித்தீர்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

கடைசியாக வந்தபோது ஒன்று கேட்டீர்கள். "உங்களுக்கு எதுங்க ரொம்பக் கஷ்டமா இருக்கு? தம்பி, நீங்க இருங்க, அவரே சொல்லட்டும்." நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பேச மூச்சு சேரவில்லை அவருக்கு. நாற்காலிக் கையில் இரண்டு தட்டு. மரம் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது.

"கால் வலிதான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அதற்கப்புறம் தட்டிக்கொண்டே இருந்தார். மேசையில், சுவரில், கட்டில் சட்டத்தில். விரல் தோல் உரிந்துவிடுமே என்று கட்டில் சட்டத்தில் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினேன். அக்கறையாகத்தான் கட்டினேன். சத்தம் நின்றது.

கடைசி நாள் அவர் போர்வையில் தட்டவில்லை. என் கையை இழுத்து, உள்ளங்கையில் தட்டினார். முகம் கல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பட்டறையில் ரம்பம் ஓடாத நேரத்தில் சொல்கிற மாதிரியே சொன்னேன். "இன்னும் கொஞ்ச தூரம்தாண்ணே, தாங்கு." சாயங்காலம்வரை தாங்கினார்.

கஷ்டத்தைச் சொல்லியிருந்தால் சொட்டு மருந்து கொடுத்திருப்போம், அது ஆளைக் கொல்வதற்கில்லை, மூச்சை லேசாக்கத்தான் என்று இப்போது சொல்கிறீர்கள். விவரம் தெரியாமல் பயந்துவிட்டேன் என்று என் தோளைத் தொடுகிறீர்கள். கையை எடுங்கள், சிஸ்டர். எனக்கு அது அப்போதே தெரியும். மேஸ்திரிக்கும் இதே நோய், அவர் வீட்டுக்கு உங்கள் ஆட்கள்தான் வந்தார்கள். போய்ப் பார்த்தேன். அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு மனிதர் மல்லாந்து படுத்து, வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டாராம். பிறகுதான் போய்ச்சேர்ந்தார்.

அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அண்ணனும் அப்படி நிம்மதியாகப் படுத்துவிட்டால், பிடியை விட்டுவிடுவார். அவர் திணறுகிறவரைக்கும் மறுமுனையில் எனக்கு ஆள் உண்டு.

நான் ஒருமுறை தட்டியதற்கே பெருவிரலைக் கொடுத்தவர் அவர். அவர் தட்டினபோதெல்லாம் நான் இறக்கவில்லை. ஒரே ஒரு தடவை இறக்கி வைப்பது, அதுதான் அண்ணனுக்கு என் கடன். இன்னும் கொடுக்கவில்லை.