ஞாயிறு, ஆயில் அரை டம்ளர்

ஹலோ… ஹலோ, தசரதன் அண்ணனா? … மெக்கானிக் தசரதன்? ஒரகடம் கூட்ரோடு கடை? … ஆமா, ஆமா. டேங்க் மேல ஒட்டின ஸ்டிக்கர்ல இந்த நம்பர்தான் இருந்துச்சு. … ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். அவசரம்ணே. வண்டி புகை கக்குது. வாசல்ல பழைய வண்டி எடுக்கிறவரு குட்டியானை லோடு வண்டியோட வந்து நிக்கிறாரு. புகைய நிறுத்த வழி இல்லன்னா இப்பவே அதுல ஏத்திடுவாங்க. எனக்குக் குடுக்க மனசில்ல. அதான்.

… குன்றத்தூர்லேர்ந்து. … கருப்பு வண்டி. பழசு. இடது பக்கம் கண்ணாடி இருக்காது. … ஆமா, அதே வண்டிதான். ஷெர்லின் வண்டி. நான் அவ வூட்டுக்காரன். ஜெபகுமார். … இல்லண்ணே, நாம பாத்ததில்ல. உங்க கடைக்கு அவ ஷிப்ட் முடிஞ்சு அப்படியே வந்துடுவா.

… இல்ல, அவகிட்ட குடுக்க முடியாது. … இல்லண்ணே.

… ஷெர்லின் தவறிட்டா. பிப்ரவரியில.



… காய்ச்சல். ஆறு நாள். … இல்ல இல்ல, வண்டியில விழல. வண்டியால ஒண்ணும் இல்ல. காய்ச்சல்தான். … இருபத்தெட்டு. … ஆமா. … ஆமா. … யாருக்கும் சொல்லலண்ணே. கம்பெனியில அவ லைன்ல வேல செய்றவங்க, சொந்தக்காரங்க, அவ்ளோதான். உங்களுக்குச் சொல்லணும்னு தோணல. தப்புதான்.

… உங்களையும் திட்டுவாளா? … செயினை டைட்டா வெச்சதுக்கா. … ஆமா. அது அவதான். … சரிண்ணே. … சரி. … நீங்க அழாதீங்க. … புகையைப் பத்திக் கேக்கலாமா?

… கலரா? மொதல்ல வெள்ளைன்னு நெனச்சேன். நேத்து வெயில்ல பாத்தேன், நீலமா இருந்துச்சு. … கருப்பு இல்ல. கருப்பு இல்லவே இல்ல. … வாடை இருக்கு. எண்ணெய் கருகின வாடை. … ஸ்டார்ட் பண்ணதும் வருது. ஆஃப் பண்ற வரைக்கும் நிக்கிறதில்ல. … ஆக்ஸிலேட்டர் குடுத்தா இன்னும் ஜாஸ்தி. … ரிங்கா? … பிஸ்டன் ரிங் போயிருந்தா இன்ஜினையே பிரிக்கணுமா? … குட்டியானைக்காரரும் அதத்தான் சொல்றாரு. இன்ஜின் செத்துடுச்சு, இரும்புக்குத்தான் ஆவும்னு.

ஒரு நிமிஷம்ணே. — இன்னாம்மா? … மெக்கானிக்கிட்டதான் பேசினு இருக்கேன். அஞ்சு நிமிஷம். அவர நிழல்ல நிக்கச் சொல்லுங்க. … ஏத்த வேணாம். ஏத்த வேணாம்மா, பேசி முடிச்சிடுறேன். — ஹலோ. வூட்டு ஓனரம்மா. கிளியம்மாள்னு. கீழ் போர்ஷன் அவங்களுது. பேத்திக்கு இளைப்பு இருக்கு. புகை நேரா அவங்க ஜன்னலுக்குள்ள போவுது. மூணு வாரம் பொறுத்துக்கிட்டாங்க. முந்தாநேத்து பாப்பாவுக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. அதுக்கப்புறம்தான் இவரக் கூப்பிட்டாங்க. அவங்க மேல கோவமில்ல.

… கடைசியா எப்ப ஓட்டினதா? … பிப்ரவரிலேர்ந்து ஓடலண்ணே. தினம் காலைல ஸ்டார்ட் மட்டும் பண்ணுவேன். பத்து நிமிஷம். … பேட்டரிக்காக இல்ல. … சும்மாதான். … அவ ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்புற நேரம். அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சுக்குவேன். இப்ப நானே முழிச்சு ஸ்டார்ட் பண்றேன். … சொல்லுங்க, கேட்டுக்கிறேன். கிறுக்குத்தனம்தான்.

… கிலோமீட்டரா? இருங்க. … அறுபத்தோராயிரத்து முந்நூத்தி நாப்பது. அப்ப என்ன இருந்துச்சோ அதேதான்.

… ஆயில் கரெக்டா ஊத்துறேன். அதுல குறையே வெக்கல. … வாரம் அரை டம்ளர். … டீக்கடை பேப்பர் டம்ளர்தான். … யாரும் சொல்லலண்ணே, ஷீட்ல இருக்கு. … கதவுக்குப் பின்னாடி அவ ஒரு செக் ஷீட் ஒட்டி வெச்சிருக்கா. கம்பெனியில மெஷின் மேல ஒட்டுவாங்களே, அதே மாதிரி கட்டம் போட்டு. செயினுக்கு ஒரு வரி, டயர் காத்துக்கு ஒரு வரி. ஞாயிறு, ஆயில் அரை டம்ளர். சர்ச்சுலேர்ந்து வந்ததும் ஊத்திட்டு டிக் போடுவா. அப்புறம்தான் சமையல். நானும் ஊத்தி டிக் போடுறேன். ஒரு வாரம்கூட விடல. … சர்ச்சுக்குப் போறதில்ல இப்ப. ஆயில் மட்டும்.

… ஆயில் அளக்கிற குச்சியா? … எடுத்துப் பாக்கல. … ஷீட்ல குச்சியப் பாக்கணும்னு இல்லண்ணே. … நான் குவாலிட்டியில இருக்கேன். ஷீட்ல இருக்கிறதச் செய்யணும், இல்லாததச் செய்யக் கூடாது. ஆறு வருஷமா அதான் வேல. … பாக்கிறேன். ஸ்பீக்கர்ல போடுறேன், இருங்க.

வலது பக்கம். … கருப்பு மூடி. … திருகி எடுத்துட்டேன். … தொடைச்சிட்டேன். … திருகாம சும்மா வெச்சு எடுக்கணுமா? … சரி. … வண்டி நேராத்தான் நிக்குது. … எடுத்துட்டேன். … ரெண்டு கோடு இருக்கு. … நடுவுல இல்லண்ணே. … மேல் கோட்டுலயும் இல்ல. குச்சி முழுக்க நனைஞ்சிருக்கு. மூடி வரைக்கும்.

… எந்த டியூப்? … ஏர் ஃபில்டருக்குக் கீழ. … இருக்கு. … அழுத்தினா சொட்டுது. ஆயில்தான்.

… எத்தன வாரமா? ஷீட்டப் பாக்க வேணாம். தெரியும். பதினெட்டு.

… அவ ஊத்தும்போது ஒண்ணும் ஆகலியே? … ஆமா. போக இருவது, வர இருவது. தினம் நாப்பது கிலோமீட்டர். … ரிங் லேசாத் தேஞ்சது அவளுக்குத் தெரியுமா? … ஈஸ்டர் லீவுல பிரிச்சுக்கலாம்னு சொன்னாளா. எங்கிட்ட சொல்லல. … அப்ப வண்டி ஓடிக் குடிச்ச ஆயிலத்தான் அவ திருப்பி ஊத்தினா. … நான் நிக்கிற வண்டிக்கு ஊத்திட்டேன். … புரியுது. … புரியுதுண்ணே, திரும்பச் சொல்ல வேணாம்.

… இன்ஜின் போகலதானே? … நிச்சயமா? … அப்ப நான்தான். … இல்லண்ணே, அது நான்தான். வண்டி மேல தப்பில்ல. அந்தப் பாப்பாவுக்கு மூச்சு வாங்கினதும் என்னாலதான்.

… சொல்லுங்க. … இனிமே சாவியே போடக் கூடாது. … ஆயில் மொத்தமும் எறக்கிட்டுப் புதுசு ஊத்தணும். … ஃபில்டர் மாத்தணும். … சைலன்சர்ல தேங்கினது எரியிற வரைக்கும் கொஞ்ச தூரம் புகையும், அப்புறம் நின்னுடும். சரி. … அதுக்கப்புறம் காலைல ஸ்டார்ட் பண்ணலாமா?

… பத்து நிமிஷம்தான்ணே. … நிக்க வெச்சு ஸ்டார்ட் பண்றதே கூடாதா. … ஓட்டணும். இல்லன்னா விட்டுடணும்.

… சரிண்ணே. சாவிய எடுத்துட்டேன்.

… ஒரு நிமிஷம். — அண்ணே, குட்டியானைய எடுத்துட்டு நீங்க கெளம்புங்க. வண்டி குடுக்கல. … இல்ல, வெலைக்காக இல்ல. அலைய விட்டுட்டேன், மன்னிச்சிக்கோங்க. — அம்மா, இங்க வாங்க. ஆயில் ஜாஸ்தி ஊத்திட்டேன், அதான் புகை. நான்தான் ஊத்தினது. … தெரிஞ்சு செய்யலம்மா. … இனிமே இங்க ஸ்டார்ட் பண்ணமாட்டேன். … புகை நின்னாலும் பண்ணமாட்டேன். காலைல சத்தமே வராது. … நெசமாத்தான். … நீங்க ஏம்மா அழுறீங்க? … பாப்பா கூப்பிடுது பாருங்க, போங்க.

ஹலோ. … கேட்டுச்சா. … ஆமா, அனுப்பிட்டேன். … ரிங் மாத்தக் கடைக்கு எப்படிக் கொண்டு வர்றது? தள்ளிட்டு வரவா? … இருவது கிலோமீட்டர், தெரியும். காலைலயே கெளம்பினா… … ஆயில் மாத்தினாலும் என்னால ஓட்ட முடியாதுண்ணே. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. … கியர் இல்லாததும் தெரியாது. கம்பெனி பஸ்லதான் போவேன். … கத்துக்குடுக்கிறேன்னு சொல்லினே இருப்பா. நான் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லினே இருந்தேன்.

… நீங்களே வர்றீங்களா? … இன்னைக்கேவா? ஞாயித்துக்கிழமை லீவாச்சே. … சரி. … பஸ்ல வந்து, இங்கயே ஆயில் மாத்திட்டு, தெரு முனைக்குத் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுப் போறீங்க. … சரிண்ணே. கோயில் மலைக்குப் பின்னாடி தெரு. எறங்கிட்டு போன் பண்ணுங்க, வந்து நிக்கிறேன்.

… நானுமா? … வரேன். … பின்னாடி உக்காந்தா பயமெல்லாம் இல்ல. எனக்கு அது பழக்கம்தான். அஞ்சு வருஷம் அவ பின்னாடி உக்காந்துதான் எல்லா இடத்துக்கும் போனேன். … ரோட்டுல பாத்துச் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. … ம்.

… ஹெல்மெட் ரெண்டு இருக்கு. எடுத்துட்டு வர வேணாம். என்னோடத நீங்க போட்டுக்கோங்க. … நான் அவளோடத போட்டுக்கிறேன். … சின்னதுதான். இறுக்கும். … ஒரகடம் வரைக்கும்தானேண்ணே. … வாங்க. வெச்சிடுறேன்.