இப்போதைக்கு

— அப்ப, கோடு கீறினதோடை சண்டை முடிஞ்சுதோ?

— முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. கேளும் மலர். அமெரிக்கா வரைபடம். அதிலை ஒரு கோடு. கோட்டுக்குக் கீழை புதுசாய்ச் சேருற மாநிலங்களிலை ஆக்களை அடிமையாய் வைச்சிருக்கலாம். மேலை கூடாது. ஆயிரத்து எண்ணூற்றி இருபதிலை கொங்கிரசிலை அப்பிடி முடிவெடுத்துப்போட்டு வீட்டை போயிட்டினம்.

— கோட்டுக்கு இஞ்சாலை நிண்டால் சாமான், அங்காலை காலை வைச்சால் மனிசனோ?

— அதுவும் இல்லை. அங்காலை ஓடினாலும் பிடிச்சுக் குடுக்கலாம்.

— கடவுளே! புரொபெசர் எட்வேட், அருட்செல்வம் அத்தான்ர ரெயின் இன்னும் இருபது நிமிசம் பிந்துதாம். போர்டைப் பாருங்கோ. ஸ்தவாங்கரிலை இருந்து எட்டு மணித்தியாலம் குந்தியிருந்து வாற மனிசனுக்கு என்ன சொல்லப்போறியள்? அதை யோசியுங்கோ.

— அதைத்தான் யோசிக்கிறன்.

— நீங்கள் அமெரிக்காவை எல்லோ யோசிக்கிறியள்.

— எங்கடை மகள் எமிலியா கட்டப்போறவன் அமெரிக்கன். கறுப்பன் எண்டு அருட்செல்வம் அண்ணர் சொல்லுறார். மார்க்கஸின்ர ஆக்களைப் பற்றி ஒண்டும் தெரியாமல் நான் எப்பிடிச் சம்மதிக்கிறது, எப்பிடி மறுக்கிறது? அதுதான் லைப்ரரியிலை புத்தகம் எடுத்தனான்.

— எங்களை விடவோ கறுப்பு? நீங்கள் அண்ணன் தம்பி கண்ணாடி பாக்கிறேல்லையோ?

— அதை அவரிட்டைச் சொல்லும்.

— நான் சொல்லமாட்டன். அவர்தான் எங்களை நோர்வேக்கு எடுத்தவர். அவர் எடுக்காட்டி நாங்கள் இண்டைக்கு உயிரோடை இல்லை. கலியாணம் வேண்டாம் எண்டும் அவர் சொல்லேல்லையே. இப்போதைக்குப் பதிவை மட்டும் சத்தமில்லாமல் வையுங்கோ, மண்டபம் வேண்டாம், படம் வேண்டாம், மன்னாரிலை சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டாம் எண்டுறார். சாருகாவுக்கு ரொறொன்ரோவிலை பேசுற சம்பந்தம் முற்றான பிறகு எல்லாருக்கும் சொல்லுவம் எண்டுறார். தன்ர மகளின்ர வாழ்க்கை எண்டு பயப்பிடுறார், பாவம்.

— இப்போதைக்கு.

— ஓம், இப்போதைக்கு. அதிலை என்ன பிழை?

— அவையும் அதைத்தான் சொன்னவை. நாட்டைத் தொடங்கேக்கை அரசியல் சட்டம் எழுதினவை எல்லோ, அதிலை ‘அடிமை’ எண்ட சொல்லே இல்லை. வேலைக்குக் கட்டுப்பட்ட ஆள் எண்டு சுத்தி வளைச்சு எழுதியிருக்கினம். இப்ப விடுவம், பிறகு பாப்பம். எழுபது வருசத்துக்கு மேலை அந்தப் பிறகு வரேல்லை.

— வெக்கம் இருந்திருக்குது.

— வெக்கமும் இருந்தது, விட மனமும் இல்லை. கோடு கீறி முப்பது வருசம் கழிச்சு இன்னொரு இணக்கம். கலிபோர்னியாவிலை அடிமை இல்லை, சரி. அதுக்குப் பதிலாய், தப்பியோடி வாற ஆளைப் பிடிச்சுக் குடுக்க வடக்கிலை இருக்கிறவனும் உதவவேணும். தெருவாலை போறவனையே கூப்பிட்டு, வா பிடி எண்டலாம். எனக்கென்ன எண்டு இருந்தவன்ர வாசலுக்கு வந்திட்டுது.

— பிறகு?

— பிறகு நாலு வருசத்திலை அந்தப் பழைய கோட்டையே அழிச்சினம். புது இடத்துக்குப் போற சனம் வாக்குப் போட்டு முடிவெடுக்கட்டும் எண்டு. ரண்டு பக்கமும் துவக்கோடை ஓடிச்சினம். கன்சாஸ் எண்ட இடம். ஒரே இரத்தம்.

— ஒப்பந்தம் எழுதுறதும் கிழிக்கிறதும் எங்களுக்குத் தெரியாததோ?

— செனற் சபைக்குள்ளை, அடிமைமுறையை எதிர்த்துப் பேசின ஒரு உறுப்பினரை, கதிரையிலை இருக்கேக்கை, மற்றச் சபைக்காரன் ஒருத்தன் பிரம்பு முறியும் வரைக்கும் அடிச்சிருக்கிறான். அடிச்சவனுக்கு ஊரிலை இருந்து புதுப் பிரம்புகள் பரிசாய் வந்ததாம், மலர்!

— படிச்ச ஆக்களோ?

— எல்லாம் படிச்ச ஆக்கள். பிறகு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சுது, கறுப்பு ஆக்கள் அந்த நாட்டுப் பிரசையளே இல்லை எண்டு. பிறகு தேர்தல். லிங்கன் வெண்டார். அடிமைமுறை இருக்கிற இடத்திலை இருக்கட்டும், புது இடத்துக்குப் பரவ விடமாட்டன் எண்டு மட்டும்தான் அவர் சொன்னவர். அவர் பதவி ஏற்க முதலே ஏழு மாநிலம் பிரிஞ்சு போச்சுது. பிறகு யுத்தம். செத்தது ஆறு லட்சத்துக்கு மேலை.

— இவ்வளவு வருசமும் கதைச்சினம் எண்டுறியள். அந்தச் சனத்திட்டை ஒருக்கால் ஆரும் கேட்டவையோ?

— அதிலைதான் நான் புத்தகத்தை மூடிப்போட்டுப் பல்கணியிலை போய் நிண்டனான். கேக்கேல்லை. ஆனால் அவை நடந்தவை, மலர். பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு, வடக்கை பாத்து. பெரிய பெரிய மனிசர் மாசக்கணக்காய் இருந்து கட்டின முடிச்சு. ஒரு மனிசி ஆத்தைக் கடந்து கரையேற அவிண்டு போகுது. திருப்பிக் கட்டினம். அடுத்தவன் வாறான். யுத்தம் வந்த பிறகு வடக்குப் படை முகாம்களுக்கு ஆயிரக்கணக்காய் வந்து நிண்டவை. வந்திட்டம், இனி என்ன செய்யப்போறியள் எண்டு.

— உங்களுக்குக் கண் கலங்குது.

— குளிர்.

— ஓ, குளிர். மார்க்கஸின்ர ஆக்களும் அப்பிடி வந்தவையோ?

— அவன்ர பாட்டியின்ர பாட்டி ஜோர்ஜியாவிலை ஒரு முகாமுக்கு நடந்து வந்தவவாம். உம்மடை நண்டுக் கறியைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னவன். பேரைத் தவிர வேறை ஒண்டும் தெரியாதாம். அந்த மனிசியின்ர பிள்ளை என்ர மேசையிலை இருக்குது. அவனைக் கலியாணப் படத்திலை இருந்து நான் வெட்டுறதோ?

— அத்தானுக்கு நீங்கள் ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை.

— தெரியும்.

— அவர் இனி எங்கடை வீட்டுப் படி மிதிக்கமாட்டார்.

— தெரியும், மலர்.

— ரெயின் வருது. கோட்டைப் பூட்டுங்கோ. பொத்தானை மாறிப் போடுறியள். விடுங்கோ, நான் பூட்டுறன்.

— தம்பி எட்வேட்! இஞ்சை, இஞ்சை!

— வாங்கோ அண்ணை. பையைத் தாங்கோ.

— ரெயினிலை ஏதும் சாப்பிட்டியளோ, அத்தான்?

— சாப்பாடு கிடக்கட்டும், மலர். தம்பி, ஒரு விசயம்…

— அண்ணை, நான் முதல் சொல்லிப்போடுறன். பிறகு எனக்கு வாய் வராது. மார்க்கஸை நான் ஒளிக்கமாட்டன். மண்டபத்திலைதான் கலியாணம். மன்னாருக்கும் சொல்லுவன், ரொறொன்ரோவுக்கும் சொல்லுவன். நீங்கள்தான் எங்களை இஞ்சை எடுத்தனியள், அதை மறக்கேல்லை. எண்டாலும் மாட்டன்.

— நானும்தான், அத்தான்.

— நீருமோ, மலர்? சரி. ரண்டு பேரும் முடிச்சிட்டியளோ?

— ஓம், அண்ணை.

— எனக்கு ரெயினிலை ஒரு ஃபோன் வந்தது. அமெரிக்காவிலை இருந்து. மார்க்கஸின்ர தாய். குடும்பத்துக்கு மூத்தவர் எண்டு எமிலியா என்ர நம்பரைக் குடுத்திருக்கிறாள்.

— ஐயோ. ஏசினவவோ?

— சத்தமே போடேல்லை. மரியாதையாய்த்தான் கதைச்சவ. கலியாணத்தை ஒளிக்கிற கதையைப் பிள்ளையள் சொல்லிப்போட்டினமாம். நான் மன்னிப்புக் கேட்டனான். திருப்பியும் கேட்டனான்.

— நீங்களோ, அண்ணை? அதுக்கு அவ என்ன சொன்னவ?

— ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிய அவையின்ர பெரியாக்கள் கூடுகினமாம். எங்களைச் சம்பந்தமாய் எடுக்கலாமோ, கூடாதோ எண்டு.