தேருக்கு முன்னால் திவினாவின் வயிறு

– ஆடாம நில்லுடி திவினா. பாவாடை முழங்காலுக்கு மேல எத்தனை விரல்கடை ஏறியிருக்குன்னு நான் அளக்கணுமா, வேண்டாமா?

– கூசுது ரெமி அத்தை!

– ஊரே பார்க்கும்போது கூசாது, நான் அளந்தா கூசுதாக்கும். சாலிங், எழுதிக்கோ: எட்டு விரல்கடை.

– நான் தையக்காரி ரெமி, உன் பங்குப் பேரவைக்கு எழுத்தர் இல்லை. செயலாளர் நீதானே, நீயே எழுதிக்கோ.

– எழுதறேன். ஃபாதர் கடுதாசியில ரெண்டே நிபந்தனை. ஒண்ணு, பாவாடை நாலு விரல்கடைக்கு மேல ஏறக்கூடாது. ரெண்டு, வயித்துத் தோல் தெரியக்கூடாது. இவ ரெண்டுலயும் தேறலை. நான் கையெழுத்துப் போடலைன்னா ஞாயித்துக்கிழமை செபஸ்தியார் தேருக்கு முன்னால நம்ம பேண்டு இல்லை, பக்கத்து சான் ரோக்கே ஊர் பேண்டுதான் போகும்.

– ஐயோ அத்தை, அப்படிச் சொல்லாதீங்க! பேண்டுக்கு முன்னால கோல் சுத்தி ஆடற பன்னெண்டு பொண்ணுங்களுக்கும் இந்த வருஷம் நான்தான் தலைவி. ரெண்டு வருஷமா கடைசி வரிசையில நின்னு, ட்ரம்பட்காரன் எச்சில் முதுகுல தெறிக்க நடந்து, இப்பத்தான் முன்னால வந்திருக்கேன்.

– வா, வேண்டாம்னா சொன்னேன்? வயித்தை வீட்டுல வச்சிட்டு வா.

– ரெமி, கோலை மேல எறிஞ்சு, ஒரு சுத்துச் சுத்தி, பின்னால வளைஞ்சு பிடிக்கணும். நீ சொல்ற மாதிரி சாக்குக்குள்ள இறக்கிவிட்டா கோல் ஃபாதர் தலையிலதான் விழும்.

– ஜனங்க கண்ணு தேர் மேல இருக்க வேண்டாமா? போன வருஷம் எங்க வீட்டுக்காரர் மெழுகுவத்தியைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பொண்ணுங்களையே பார்த்து நடந்து, முன்னால போன மாமியோட முக்காட்டைக் கொளுத்திட்டார்.

– அது பொண்ணுங்க குத்தமா, உன் வீட்டுக்காரர் கண்ணு குத்தமா? அவருக்கு ஒரு கடுதாசி எழுதச் சொல்லு ஃபாதரை.

– எழுதியாச்சு. இந்த வருஷம் அவர் தேருக்குப் பின்னாலதான் வரணும்.

– நல்லதாப் போச்சு. சரி, செபஸ்தியாரையே எடுத்துக்கோ. மரத்துல கட்டி வச்சிருக்கு, இடுப்புல ஒரே ஒரு துண்டு. அவருக்கு விரல்கடை அளந்தியா?

– வாயைக் கழுவுடி! அவர் அம்பு வாங்கினவர். இவ என்னத்தை வாங்கினா?

– ட்ரம்பட் எச்சில் வாங்கினேன் அத்தை.

– நீ சும்மா இருடி திவினா. ரெமி, விளையாட்டு போதும். நீ வயிறுன்னு சொல்றது வயிறே இல்லை.

– பின்னே என்ன, பலாப்பழமா?

– துணி. மேல்சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவுல தோல் நிறத்துல ஒரு பட்டை. மணிலா சந்தையில கிடைச்சது வெள்ளைக்காரி தோல் நிறம். நம்ம பிள்ளைங்க போட்டா சுண்ணாம்படிச்ச சுவராட்டம் இருந்தது. பன்னெண்டு பேரையும் வரிசையா நிக்க வச்சேன். கடுங்காப்பி காய்ச்சினேன். அவளவ நிறத்துக்கு முக்கி முக்கி எடுத்தேன். திவினாவுக்கு ரெண்டு முக்கு. கடலோரத்து ஜோவெலினுக்கு நாலு. தொப்புளுக்குக்கூட நூல்ல நிழல் போட்டிருக்கேன்.

– பொய்.

– தொட்டுப் பாரேன்.

– சீ, நான் எதுக்குத் தொடறேன்? என் குடை எங்கே? இரு, நுனியால...

– வேண்டாம் அத்தை, குடை வேண்டாம்... ஐயோ, ஹிஹிஹி!

– சாலிங், துணி சிரிக்குதுடி.

– உள்ள இருக்கிறவ சிரிக்கிறா. அவ்வளவு மெல்லிசு.

– ஜன்னல் பக்கம் திரும்புடி திவினா. அடேங்கப்பா! இடது பக்கம் ஒரு மச்சம்கூட வச்சிருக்கியே சாலிங்!

– மச்சமா? வச்சிருப்பேன். பன்னெண்டு பேருக்குச் செஞ்சதுல எது எதுன்னு ஞாபகம் வச்சுக்கிறது?

– மூச்சு விட்டா அதுவும் மூச்சு விடுது. என் கண்ணையே ஏமாத்திட்டே போ. பாவாடைக்கு என்ன வழி?

– மடிப்புல நாலு விரல்கடை விட்டுத்தான் தைச்சிருக்கேன். பிரிச்சா இறங்கிடும். அது எனக்கும் தெரியும், உன்னை மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு.

– அப்ப இந்தா, கையெழுத்து. செபஸ்தியாருக்கு முன்னால நம்ம பேண்டுதான். யாராவது வாயைத் திறந்தா நானே சொல்றேன், அது துணி, குடையால குத்திப் பார்த்தேன்னு. வரேன்.

– போய்ட்டு வா ரெமி, படி பார்த்து இறங்கு. பார்த்தியாடி திவினா? முப்பது வருஷமா தைக்கிறேன், இப்படி ஒரு வேலை என் கையில வந்ததே இல்லை. எனக்கே தோலாத்தான் தெரியுது. கழட்டு, அந்தப் பட்டையைக் கசங்காம மடிச்சு வைக்கலாம்.

– எந்தப் பட்டை சாலிங் அத்தை? காப்பி நாத்தம் தாங்காம காலையிலேயே கழட்டிக் கொல்லைக் கொடியில போட்டுட்டேன்; நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் மெச்சினது எங்கம்மாவோட கைவேலை.